12 அடிக்கு 12 அடி: தரையில் சரியான சதுரம் போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நாலு பக்கமும் 12 அடி வைத்துவிட்டால் சதுரம் வந்துவிடும் என்று நினைத்துத்தான் பலரும் முளை அடிக்க ஆரம்பிக்கிறார்கள். வராது. பழைய கயிற்றுக் கட்டிலைப் பார்த்திருப்பீர்கள், மூலைப் பொருத்து தளர்ந்துபோனால் சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நாலு சட்டத்தின் நீளமும் அப்படியே இருக்கும், ஆனால் கட்டில் கோணல். தரையில் நாலு முளை அடித்து கயிறு கட்டும்போதும் இதே கதைதான்.

இந்தக் கோணலை அன்றைக்கே கண்ணால் பிடிக்க முடியாது. 12 அடி அறையில் மூலை 1 டிகிரி பிசகினால் எதிர்ப்பக்கம் இரண்டரை இஞ்ச் நகர்ந்துவிடும். பரப்பளவில் இதைக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது, 144 சதுர அடிக்கு 143.98 வரும், யார் கவனிப்பார்கள்? ஆறு மாதம் கழித்து டைல்ஸ் ஒட்டுகிறவர் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு முனையில் இரண்டரை இஞ்ச்சும் மறுமுனையில் ஒன்றுமில்லாமலுமாக ஆப்பு ஆப்பாக வெட்டிக்கொண்டே உங்களை நிமிர்ந்து பார்ப்பார். அப்போதுதான் தெரியும்.

கீழே உள்ள முறை 12 அடிக்கு 12 அடி தனி அறைக்கு. வேறு அளவென்றால் எண்கள் மாறும், வரிசை மாறாது.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

டேப்பில்தான் முதல் சிக்கல். எல்லார் வீட்டிலும் இருப்பது 5 மீட்டர் டேப், அது 16 அடி 5 இஞ்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. 12 அடிச் சதுரத்தின் மூலைவிட்டமோ ஏறக்குறைய 17 அடி. டேப் எட்டாது. எட்டவில்லை என்பதாலேயே மூலைவிட்டத்தை அளக்காமல் விட்டவர்கள் உண்டு, பாதி பாதியாக அளந்து கூட்டுகிறேன் என்று ஒட்டுப்போட்டு மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 7.5 மீட்டராவது இருக்கும் ஸ்டீல் டேப் வாங்குங்கள். முடிந்தால் இரண்டு. துணி மாதிரி இருக்கும் நீள டேப் இழுத்தால் கொஞ்சம் நீண்டுகொடுக்கும், இந்த வேலைக்கு வேண்டாம்.

அப்புறம் முளைகள் பன்னிரண்டு (நாலு போதாது, காரணம் 8-வது படியில்), முளைத் தலையில் அடிக்கச் சின்ன ஆணிகள், நைலான் கயிறு, தூக்குக்குண்டு, நீர்மட்டம் பார்க்கும் ட்யூப், சுண்ணாம்புப் பொடி, சுத்தியல். ஆட்கள் மூன்று பேர். இரண்டு பேர் வைத்துக்கொண்டும் செய்யலாம், ஆனால் டேப் நுனியைப் பிடிப்பவர் குனிந்த இடத்திலிருந்து நழுவிவிட்டாரா என்று பார்க்க ஒரு ஆள் இருந்தால் மனசு நிம்மதி.

இடத்தைச் சுத்தம் செய்து, மேடு பள்ளத்தை முடிந்தவரை நிரவிவிடுங்கள். புல்லுக்கு மேல் கயிறு உரசிக்கொண்டு போனால் அது நேர்க்கோடே இல்லை.

2. எந்த அளவு 12 அடி என்று முடிவு செய்யுங்கள்

சுவரின் வெளிப்பக்கமா, உள்பக்கமா, நடுவா? இதை முடிவு செய்யாமல் முளை அடிக்கவே கூடாது. 9 இஞ்ச் சுவர் என்றால், வெளி அளவு 12 அடி வைத்தால் உள்ளே கிடைப்பது 10 அடி 6 இஞ்ச்தான். உள்ளே 12 அடி வேண்டுமென்றால் வெளியே 13 அடி 6 இஞ்ச்.

புதிதாகச் செய்கிறவர்கள் ஒரு பக்கத்தை வெளி அளவிலும் அடுத்த பக்கத்தை நடுக்கோட்டு அளவிலும் போட்டுவிடுகிறார்கள். அப்போது எல்லா மூலையும் கச்சிதமாக 90 டிகிரி வரும், மூலைவிட்டங்களும் சமமாக இருக்கும், ஆனால் கிடைத்திருப்பது செவ்வகம். நான் இங்கே வெளி அளவை எடுத்துக்கொள்கிறேன்.

3. மூலைவிட்டத்தைக் கணக்குப் போட்டுத் தாளில் எழுதுங்கள்

பக்கத்தை 1.4142-ஆல் பெருக்கினால் மூலைவிட்டம். 12 × 1.4142 = 16.97 அடி.

இங்கேதான் நான் ஒருமுறை சறுக்கினேன், அதனால் நின்று சொல்கிறேன். கால்குலேட்டரில் 16.97 என்று பார்த்ததும் 16 அடி 9.7 இஞ்ச் என்று எடுத்துக்கொண்டு டேப்பைப் பிடித்தேன். புள்ளிக்குப் பின்னால் இருப்பது இஞ்ச் இல்லை, அடியின் பகுதி. 0.97-ஐ 12-ஆல் பெருக்க வேண்டும், 11.64 இஞ்ச் வரும். அந்த 0.64-ஐ 8-ஆல் பெருக்கினால் 5 நூல். ஆக, 16 அடி 11 இஞ்ச் 5 நூல். (இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்குதான் நூல், கொத்தனார் சொல்லும் கணக்கு. கட்டுகிற நூலும் அதே பேர்தான் என்பதால், குழப்பம் வராமல் இருக்க இந்த வழிகாட்டியில் கட்டுவதைக் கயிறு என்றே சொல்கிறேன்.)

நான் செய்த தப்பு இரண்டு இஞ்ச்சுக்கும் குறைவுதான். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 6-வது படியில் சொல்கிறேன்.

அடிக்கடி வரும் மற்ற அளவுகள்: 10 அடிக்கு 14 அடி 1 இஞ்ச் 5½ நூல். 15 அடிக்கு 21 அடி 2 இஞ்ச் 4½ நூல். 20 அடிக்கு 28 அடி 3 இஞ்ச் 3 நூல். மனக்கணக்கில் சரிபார்க்க ஒரு வழி: பக்கம் 5 என்றால் மூலைவிட்டம் 7-க்குச் சற்றே கூடுதல், பக்கம் 12 என்றால் 17-க்குச் சற்றே குறைவு. நீங்கள் எழுதியது இதன் கிட்டக்கூட வரவில்லை என்றால் பெருக்கலில் தப்பு.

மீட்டரில் வேலை செய்தால் இந்த இஞ்ச் வம்பே இல்லை, 4 மீட்டர் பக்கத்துக்கு 5.657 மீட்டர், அப்படியே டேப்பில் பார்க்கலாம். எதுவாக இருந்தாலும் ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

4. முதல் கோடு

நாலு மூலையையும் அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். அ முன்னால் இடப்பக்கம், ஆ முன்னால் வலப்பக்கம், இ பின்னால் வலப்பக்கம், ஈ பின்னால் இடப்பக்கம். எந்த மூலையில் முதல் முளை என்பதை வீட்டுப் பெரியவர்கள் ஈசானியம் பார்த்துச் சொல்வார்கள், சொல்லட்டும். சதுரத்துக்கு நாலு மூலையும் ஒன்றுதான், எங்கே ஆரம்பித்தாலும் கணக்கு மாறாது.

அ முளையை அடித்து, தலையில் ஆணி அடியுங்கள். அளவெல்லாம் ஆணியிலிருந்துதான், முளையின் விளிம்பிலிருந்து இல்லை. ஒன்றரை இஞ்ச் தடிமனான முளையில் ஒருவர் இந்த விளிம்பையும் இன்னொருவர் அந்த விளிம்பையும் பிடித்தால் அங்கேயே கதை முடிந்தது.

ரோட்டுக்கோ இருக்கிற வீட்டுச் சுவருக்கோ இணையாக அ-ஆ கோட்டைக் கட்டி, 12 அடியில் ஆ முளை. காம்பவுண்டு சுவர் ஒன்றோடு இணையாக வைப்பது சரி, ஆனால் காம்பவுண்டின் மூலையையே அறையின் மூலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனைகள் பெரும்பாலும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும்.

டேப்பை மட்டமாகப் பிடியுங்கள், தரை போகிற போக்கில் சாய்த்துப் பிடிக்காதீர்கள். 12 அடிக்குள் தரை 1 அடி இறங்குகிறது என்றால், சாய்வாக அளந்த 12 அடி உண்மையில் 11 அடி 11½ இஞ்ச்தான். பள்ளமான பக்கத்தில் டேப்பை உயர்த்தி, தூக்குக்குண்டை இறக்கி முளையைக் குறியுங்கள். எது மட்டம் என்று கண் சொல்வதை நம்பாமல் ட்யூபில் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

இந்த அ-ஆ கோட்டை இனிமேல் தொடக்கூடாது. பின்னால் எது பிசகினாலும் மற்ற இரண்டு முளைகளைத்தான் நகர்த்துவோம். அசையாத ஒரு கோடு இல்லையென்றால் எதைத் திருத்தினாலும் இன்னொன்று கெடும், சாயங்காலம்வரை முளை பிடுங்கிக்கொண்டே இருக்கலாம்.

5. மூன்றாவது முளை

ஒரு டேப்பின் நுனியை ஆ ஆணியில் பிடித்து 12 அடி. இன்னொரு டேப்பின் நுனியை அ ஆணியில் பிடித்து 16 அடி 11 இஞ்ச் 5 நூல். இரண்டு அளவும் சந்திக்கிற இடத்தில் இ முளை. முக்கோணத்தின் மூன்று பக்கமும் முடிவானால் அது அசையவே அசையாது, நாற்கரம் மாதிரி சாயாது. அதனால்தான் பக்கத்தோடு மூலைவிட்டத்தையும் சேர்த்தே பிடிக்கிறோம்.

ஒரே டேப்தான் இருக்கிறதா? ஆவிலிருந்து 12 அடி பிடித்து, ஆணியால் தரையில் ஒரு வில் கீறுங்கள். அப்புறம் அவிலிருந்து மூலைவிட்ட அளவில் இன்னொரு வில். வெட்டுகிற புள்ளிதான் இ. நைலான் கயிற்றை வெட்டி அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம், இழுக்கிற இழுப்புக்கு அரை இஞ்ச் கூடும்.

"3-4-5 போட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். போடலாம், கணக்கு சரியானதுதான், ஆனால் 3 அடி, 4 அடி, 5 அடி என்று குட்டியாகப் போட்டு அந்தக் கோட்டை 12 அடிக்கு நீட்டாதீர்கள். அந்த 5 அடியில் கால் இஞ்ச் பிசகினால் 12 அடி முனையில் ஒன்றேகால் இஞ்ச் விலகும். அதையே மும்மடங்காக்கி 9, 12, 15 என்று போட்டால் அதே கால் இஞ்ச் பிசகு முனையில் அரை இஞ்ச்சுக்கும் கீழேதான். முக்கோணம் பெரிதாகப் பெரிதாகக் கை நடுக்கம் சிறிதாகும். கொத்தனார் கையில் இருக்கும் இரும்பு மூலைமட்டத்தை இங்கே பயன்படுத்த வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்: அது செங்கல் வரிசைக்குச் சரி, இரண்டு அடிக் கையை வைத்து 12 அடிக்கு வழி காட்டச் சொல்வது அதிகம்.

6. நான்காவது முளை, அப்புறம் சாட்சி

அவிலிருந்து 12 அடி, ஆவிலிருந்து 16 அடி 11 இஞ்ச் 5 நூல். சந்திக்கிற இடம் ஈ.

இப்போது இ-ஈ பக்கத்தை அளந்து பாருங்கள். முளை அடிப்பதற்காக நாம் பயன்படுத்தாத ஒரே அளவு அதுதான், அதனால் அதன் பேச்சைத்தான் நம்பலாம். அ-இ மூலைவிட்டத்தைத் திரும்ப அளந்து "சரியா இருக்கே" என்று திருப்திப்படுவதில் பாதிப் பயன்தான், நீங்களே வைத்த அளவு அது, கணக்கு தப்பாக இருந்தாலும் சரியாகத்தான் காட்டும்.

என் 16 அடி 9.7 இஞ்ச் கதைக்கு வருகிறேன். இரண்டு மூலைவிட்டமும் அச்சுப் பிசகாமல் சமம். மூன்று பக்கம் சரியாக 12 அடி. "மூலைவிட்டம் ரெண்டும் சமமா வந்திருச்சு, குழி வெட்டலாம்" என்று கூட இருந்தவர் சொல்லிவிட்டார், நானும் மண்வெட்டியை எடுத்துவிட்டேன். எதற்கும் பார்ப்போமே என்று நாலாவது பக்கத்தை அளந்தால் 11 அடி 6½ இஞ்ச்! ஐந்தரை இஞ்ச் குறைவு. இரண்டு பக்கச் சுவரும் ஆளுக்குக் கொஞ்சம் உள்நோக்கிச் சாய்ந்து, தரையில் படுத்திருந்தது ஒரு சரிவகம். மூலைவிட்டம் சமமாக இருந்தால் சதுரம் என்று எங்கேயோ படித்ததை அரைகுறையாக நினைவு வைத்திருந்ததன் பலன். நாலு பக்கமும் சமம் என்பது உறுதியானபின் மூலைவிட்டங்கள் சமமாக இருந்தால் மட்டுமே அது சதுரம்.

7. அளவு ஒத்து வரவில்லையா? முதலில் எந்த வடிவம் என்று பாருங்கள்

தப்பு வந்தவுடன் முளையைப் பிடுங்காதீர்கள். நாலு பக்கம், இரண்டு மூலைவிட்டம், ஆறு எண்களையும் தாளில் எழுதுங்கள். எங்கே சறுக்கியது என்று அந்த எண்களே காட்டிக்கொடுக்கும்.

நாலு பக்கமும் 12, மூலைவிட்டங்கள் மட்டும் வேறு வேறு என்றால் அது சாய்சதுரம், கட்டில் சாய்ந்த மாதிரி. பின்பக்கத்தை நகர்த்த வேண்டும்.

மூலைவிட்டங்கள் சமம், எதிரெதிர்ப் பக்கங்களும் சமம், ஆனால் ஒரு ஜோடி நீளம் ஒரு ஜோடி குட்டை. செவ்வகம். 2-வது படியில் வெளி அளவையும் நடு அளவையும் கலந்திருப்பீர்கள், அல்லது டேப்பை 1 அடிக் கோட்டிலிருந்து பிடித்துவிட்டுக் கழிக்க மறந்திருப்பீர்கள். டேப் நுனி தேய்ந்திருக்கிறது என்று 1 அடியிலிருந்து பிடிப்பது நல்ல பழக்கம்தான், கழிக்கிற ஞாபகம் இருந்தால்.

மூலைவிட்டங்கள் சமம், பின்பக்கம் மட்டும் குட்டை அல்லது நீளம். என் கேஸ். மூலைவிட்டக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

ஒன்றுமே ஒன்றோடும் ஒட்டவில்லையென்றால் பெரும்பாலும் தரைச் சரிவு, இல்லாவிட்டால் யாரோ காலால் ஒரு முளையை இடறியிருக்கிறார்கள். அ-ஆவிலிருந்து மறுபடி.

8. நகர்த்துவது, அப்புறம் வெளி முளைகள்

சாய்சதுரத்துக்கு வருவோம். அ-இ மூலைவிட்டம் ஆ-ஈயைவிட 2 இஞ்ச் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் என்ன செய்வார், இ முளையை மட்டும் 2 இஞ்ச் உள்ளே இழுப்பார். மூலைவிட்டங்கள் சமமாகிவிடும், ஆனால் ஆ-இ, இ-ஈ இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் அளவுக்குக் குறைந்துபோகும். ஒன்றைச் சரிசெய்து இரண்டைக் கெடுத்த கதை.

இ, ஈ இரண்டையும் சேர்த்து, பின்பக்கக் கோட்டின் வழியாகவே, நீளமான மூலைவிட்டம் குறைகிற பக்கமாக நகர்த்த வேண்டும். இங்கே அது இடப்பக்கம். எவ்வளவு? வித்தியாசத்தில் பத்தில் ஏழு பங்கு: 2 இஞ்ச்சுக்கு 1.4, அதாவது 1 இஞ்ச் 3 நூல். முழு 2 இஞ்ச்சும் நகர்த்தினால் கட்டில் மறுபக்கம் சாயும். இப்படி நகர்த்தும்போது ஒரு மூலைவிட்டம் 1 இஞ்ச் குறைந்து, மற்றது 1 இஞ்ச் கூடி, நடுவில் சந்திக்கும். பக்கவாட்டுச் சுவர்களின் நீளம் கண்டுகொள்ளுகிற அளவுக்கு மாறாது.

12 அடி அறைக்கு மூலைவிட்ட வித்தியாசம் 2 நூலுக்குள் வந்தால் நான் விட்டுவிடுவேன். அதற்கும் கீழே போவது முளைத் தலையில் ஆணி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதோடு சண்டை போடுவது.

இனி அந்தப் பன்னிரண்டு முளைக் கணக்கு. குழி வெட்ட ஆரம்பித்ததும் மூலை முளை நாலும் மண்ணோடு போய்விடும். அதனால் ஒவ்வொரு பக்கக் கோட்டையும் இரண்டு முனையிலும் 3 அடி வெளியே நீட்டி, அங்கே முளை அடித்து ஆணியில் கயிறு கட்டுங்கள். நாலு கோட்டுக்கு எட்டு முளை, மூலைக்கு நாலு, மொத்தம் பன்னிரண்டு. கயிறுகள் நாலும் வெட்டிக்கொள்கிற இடங்கள் சரியாக மூலை ஆணிகளுக்கு மேலே வருகின்றனவா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சுண்ணாம்புப் பொடி தூவி, கயிற்றை அவிழ்த்துவிட்டுக் குழி வெட்டலாம். வெளி முளைகளில் சிவப்புத் துணி ஏதாவது கட்டிவையுங்கள், மண் கொட்டுகிறவர்கள் முதலில் புதைப்பது அதைத்தான்.

பேஸ்மட்டம் வந்ததும் அதே ஆணிகளில் கயிற்றைத் திரும்பக் கட்டி, மூலைவிட்டங்களை இன்னொரு தடவை அளக்க வேண்டும். கல் கட்டும்போது அரை இஞ்ச் அப்படி இப்படிப் போயிருக்கும். முதல் செங்கல் வரிசையில் அதை உள்வாங்கித் திருத்திவிடலாம், ஜன்னல் மட்டம் வந்தபின் முடியாது.

9. நடுப்புள்ளி முதலில் முடிவாகிவிட்டால்

முற்றத்தில் துளசி மாடத்துக்கு 4 அடிச் சதுர மேடை, நடு இங்கேதான் என்று அம்மா காலால் குறி போட்டுவிட்டார். அப்போது பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதைவிட மூலைவிட்டத்திலிருந்து ஆரம்பிப்பது சுலபம். சதுரத்தின் மூலைவிட்டங்கள் சமம், ஒன்றையொன்று பாதியாக வெட்டும், செங்குத்தாகவும் வெட்டும். இந்த மூன்றையும் தரையில் நடத்திவிட்டால் பக்கங்கள் தானாக வரும்.

நடுவில் ஆணி அடித்து, அதன் வழியாக மேடையின் மூலைகள் எந்தத் திசையில் வேண்டுமோ அந்தத் திசையில் கயிறு கட்டுங்கள். சுவருக்கு இணையாகக் கட்டிவிடாதீர்கள், அப்படிச் செய்தால் மேடை 45 டிகிரி திரும்பி வைரம் மாதிரி உட்காரும். கயிற்றின் மேல் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 2 அடி 10 இஞ்ச்சில் குறியுங்கள் (சரியான எண் அதைவிட அரை நூல் குறைவு, பரவாயில்லை). அந்த இரண்டு குறிகளும் இரண்டு மூலைகள்.

செங்குத்துக் கோட்டுக்கு, அந்த இரண்டு குறியிலிருந்தும் ஒரே அளவில், 4 அடியிலேயே, வில் கீறுங்கள். இரண்டு பக்கமும் வில்கள் வெட்டுகிற இடங்கள்தான் மற்ற இரண்டு மூலைகள். எதிரெதிர் வெட்டுப்புள்ளிகளை இணைத்துக் கயிறு கட்டினால் அது நடு ஆணியைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும், அதன் நீளம் 5 அடி 8 இஞ்ச் வர வேண்டும். இங்கே பக்கங்களை நாமே 4 அடி என்று வைத்துவிட்டோம், எனவே இந்த இரண்டாவது மூலைவிட்டம்தான் சாட்சி. அது 5 அடி 8 வராமல் 5 அடி 7 வந்தால் முதல் கயிற்றில் நீங்கள் குறித்த குறிகள் வெளியே தள்ளிப் போயிருக்கின்றன, 5 அடி 9 வந்தால் உள்ளே வந்திருக்கின்றன. குறியைத் திருத்தி வில்லைத் திரும்பக் கீறுங்கள், அம்மா குறித்த ஆணியை மட்டும் தொடாமல்.